காயில் மேல் பழி, குற்றம் கூண்டில்

மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து ஒரு கேள்வி: “மோட்டாருக்கு ரெண்டு தடவை காயில் கட்டியாச்சு. பேரிங்கும் புதுசு. நெல்லைக் கொட்டினதும் உறுமுது, ஆம்ஸ் முள் நிக்காம ஆடுது. வேற என்னதான் கோளாறு?”

மின்னோட்டத்தைக் காட்டும் அந்த முள்ளின் ஆட்டத்திலேயே பாதி பதில் இருக்கிறது. மோட்டாருக்குள் சுழலும் பகுதியான ரோட்டாரில் ஒரு பார் அறுந்திருக்கலாம்.

ரோட்டாருக்குள் இருப்பவை அலுமினியக் கம்பிகள் (இவைதான் பார்), இரு முனையிலும் வளையங்கள். பார்க்க அணில் கூண்டு மாதிரி. ஸ்டார்ட் ஆகும்போது ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் பாயும். உமி நீக்கும் ஹல்லரில் நெல் கிடக்கும்போதே சுவிட்சைப் போட்டால் அந்தச் சூடு நீடித்து, கம்பியும் வளையமும் சேருமிடத்தில் விரிசல் விடும். ஒன்று அறுந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிக்கு.

இனிதான் வேடிக்கை. 4 போல் (காந்த முனை) மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று, ரோட்டார் 1440. பின்தங்குவது 60 சுற்று, அதாவது 4 விழுக்காடு ஸ்லிப். கூண்டு முழுசாக இருந்தால் ரோட்டாரின் புலம், ரோட்டாரைப் பொறுத்து, அந்த 60 சுற்றை முன்னோக்கி மட்டுமே சுற்றும். ஒரு கம்பி போனால் சமநிலை குலைந்து, பின்னோக்கி 60 சுற்றில் இன்னொரு புலமும் கிளம்பும். ஓடும் பஸ்ஸுக்குள் பின்பக்கமாக நடப்பவர், ரோட்டில் நிற்பவர் கண்ணுக்கு முன்னேதான் போகிறார், சற்று மெதுவாக. அப்படியே இதுவும்: 1440-இல் 60 போக 1380. 1500 சுற்றுக்கு 50 ஹெர்ட்ஸ் என்றால் இதற்கு 46! இந்தப் புலம் முறுக்குவிசையை நொடிக்கு 4 முறை அலைக்கழிப்பதால், அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில் 46-இல் மட்டுமல்ல, 54-லும் ஒரு கோடு முளைக்கும். ஆம்ஸ் முள் ஆடுவதும் அதே தாளத்தில்தான்.

இந்தப் புலத்தில் கொஞ்சம் மோட்டார் பாடிக்கு வெளியேயும் கசியும். எனாமல் கம்பியில் 200, 300 சுற்றுச் சுருள் செய்து பாடியில் ஒட்டி, அளவுகளைப் பதிவு செய்யும் டேட்டா லாகரில் சேர்த்தால் போதும். பேனலைத் தொட வேண்டாம். 0.1 ஹெர்ட்ஸ் துல்லியத்துக்குக் குறைந்தது 10 நொடிப் பதிவு வேண்டும். ஹாப்பரில் நெல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்: வெறுமனே 1490-இல் சுற்றினால் கோடுகள் 49.3, 50.7-க்கு வந்து 50-இன் நிழலில் மறைந்துவிடும். சுற்று வேகம் காட்டும் டாக்கோமீட்டரும் கையில் இருக்கட்டும். சாயங்காலம் வோல்டேஜ் 10 விழுக்காடு இறங்கினால் அதே லோடுக்கு ஸ்லிப் 5-ஐத் தொடும். 46-ஐத் தேடிக்கொண்டிருந்தால் 45-இல் இருப்பதைக் கோட்டைவிடுவீர்கள்.

ஏமாற்றுவது சல்லடை. அதே மோட்டாரில் நிமிடத்துக்கு 240 ஆட்டம் ஆடும் சல்லடை இருந்தால், நல்ல ரோட்டாரிலும் 46, 54 தெரியும். லோடைக் குறைத்துப் பாருங்கள்: பார் கோளாறின் கோடுகள் 50-ஐ நோக்கி நகரும், சல்லடையின் கோடுகள் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் சுருளை ஷாஃப்ட் முனையில், ஷாஃப்டைச் சுற்றி வருமாறு வைத்து 6 ஹெர்ட்ஸைத் தேடுங்கள்; ஸ்லிப் அதிர்வெண்ணின் (50-இல் 4 விழுக்காடு, அதாவது 2 ஹெர்ட்ஸ்) மூன்று மடங்கு அது. சுருளைச் செல்போனின் மைக் உள்ளீட்டில் சேர்த்தால் அது வராது, அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணை மைக் வடிகட்டிவிடும்.

ஆயுத பூசைக்கு மோட்டாருக்குச் சந்தனம் வைப்பதில் நட்டமில்லை. ரோட்டாரைப் பார்க்காமலே மூன்றாம் தடவை காயில் கட்டுவதுதான் தெண்டச் செலவு. வார்ப்பு அலுமினியக் கூண்டில் அறுந்த பாரை ஒட்டவைக்கும் வேலை நிலைக்காது, ரோட்டாரையே மாற்ற வேண்டும். செப்புப் பார் என்றால் பிரேசிங் (உலோகத்தை உருக்கி ஒட்டும் பற்றவைப்பு) செய்து மீட்கலாம்.