வைப்பர் பிளேடு கெடுவது மழையில் இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் அக்டோபரில் மழை வலுக்கத் தொடங்கும். முதல் பெருமழைக்கு மறுநாள் காலையில் கராஜ் வாசலில் பழைய ஹைலக்ஸ், டிஃபெண்டர், லேண்ட் குரூசர் எல்லாம் வரிசையாக நிற்கும். "அண்ணே, வைப்பர் துடைக்கவே மாட்டேங்குது, ஒரு ஜோடி பிளேடு மாத்தி விடுங்க" என்பார்கள். மாற்றிவிடலாம்தான். ஆனால் அந்தப் பிளேடு நேற்றைய மழையில் கெட்டதல்ல. மே முதல் ஆகஸ்ட் வரை வேலையில்லாமல் வெயிலில் கிடந்தபோதே அதன் கதை முடிந்துவிட்டது.

பிளேடின் ரப்பர் நுனி ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அது மறுபக்கம் சாய வேண்டும். சாய்ந்து, பின்னால் இழுபட்டபடியே துடைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரே பக்கம் மடங்கி வெயிலில் காய்ந்த ரப்பர் அப்படியே இறுகிப்போகும். அப்புறம் போகும்போது துடைக்கும், வரும்போது தடதடக்கும்.

நம் கரையோரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. டொங்காட், ஸ்டேங்கர் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஏப்ரல் தொடங்கினால் கரும்பு வெட்டு. தோட்டத்தில் தீ வைத்த மாலை, காய வைத்த துணியெல்லாம் கரி. வண்டியின் முன் கண்ணாடியிலும் விரல் நீளத்துக்குக் கருகிய சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை, சுருண்டு கிடக்கும். பார்க்க மெத்தென்றுதான் இருக்கும், தொட்டால் பொடியாகும். ஆனால் கரும்புச் சோகையில் சிலிக்கா இருக்கிறது, சாம்பலிலும் அது தங்கிவிடும். கூடவே மண்ரோட்டுத் தூசியும் கடற்காற்றின் உப்பும். இதன்மேல் உலர்ந்த வைப்பரை ஒரு இழுப்பு இழுத்தால் ரப்பரும் போச்சு, கண்ணாடியும் போச்சு. முதலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். வாஷர் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு குண்டூசி போதும். அதைக்கூடப் பலர் செய்வதில்லை.

பிளேடு வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன், கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, அப்புறம் மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்டு எண்ணெய்ப் படலத்தை எடுங்கள். ரப்பருக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி போதும். பெட்ரோல், டீசல் வேண்டவே வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். இவ்வளவு செய்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். சரியாகாவிட்டால், தண்ணீர் தெளித்து ஓடவிட்டுக் கண்ணாடியைப் பாருங்கள். ஒரே இடத்தில் மெல்லிய கோடு விழுந்தால் ரப்பர் நுனி அங்கே பிய்ந்திருக்கிறது, பிளேடை மாற்றுங்கள். அகலமாக ஒரு பட்டை துடைபடாமல் நின்றால் அழுத்தம் போதவில்லை. புது பிளேடு போட்டும் ஒரு திசையில் மட்டும் தடதடத்தால் வைப்பர் ஆர்ம், அதாவது பிளேடைப் பிடித்திருக்கும் இரும்புக் கை, முறுக்கியிருக்கிறது. வைப்பர் பாதியில் இருக்கும்போது சாவியை அணைத்துவிட்டு ஓரத்திலிருந்து பாருங்கள். ஆர்மின் நுனி கண்ணாடிக்கு இணையாக இருக்க வேண்டும், ரப்பர் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும்.

பழைய நாலு சக்கர இழுவை வண்டிகளில் குற்றவாளி பெரும்பாலும் இந்த ஆர்ம்தான். அதன் மூட்டில் உப்புக்காற்று பட்டுத் துரு ஏறும், உள்ளே ஸ்பிரிங் தளரும். டொங்காட்டுக் கரும்பு விவசாயி ஒருவர் மழை வரும்போதெல்லாம் விலையுயர்ந்த பிளேடு வாங்கி மாட்டிக்கொண்டிருந்தார். ஆர்மைத் தூக்கி விட்டேன்; கண்ணாடியில் 'டப்'பென்று விழ வேண்டியது, அந்தரத்திலேயே நின்றது. மூட்டைத் துரு இளக்கும் எண்ணெயில் ஊறவைத்து அசைத்துவிட்டதும் அவருடைய பழைய பிளேடே நன்றாகத் துடைத்தது.

பழைய டிஃபெண்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதன் கண்ணாடி தட்டை. எலும்புக்கூடு மாதிரி இரும்புச் சட்டம் இல்லாத புதுவகைத் தட்டை பிளேடுகள் வளைந்த கண்ணாடிக்காக முன்கூட்டியே வளைத்துச் செய்தவை. தளர்ந்த ஸ்பிரிங்கில் அதை மாட்டினால் இரு முனையும் தொடும், நடு தொடாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் அதற்குச் சட்டம் வைத்த பழைய வகைதான் என் தேர்வு. டிஃபெண்டரில் மோட்டார் ஒரு பல்லுக் கம்பியைக் குழாய்க்குள் இழுத்துத்தான் இரண்டு வைப்பரையும் ஆட்டுகிறது. குழாயில் கிரீஸ் காய்ந்தால் வைப்பர் சோம்பலாக ஓடும். அதற்கும் பிளேடுக்கும் சம்பந்தமே இல்லை.

நீளத்தை அளந்தே வாங்குங்கள். கூடுதல் நீளம் கண்ணாடியின் ஓரத் தூணில் இடிக்கும். சட்டம் நேராக, ஆட்டமில்லாமல் இருந்தால், கிடைக்கும் மாடல்களுக்கு ரப்பர் பட்டை மட்டும் வாங்கிச் செருகலாம், செலவு மிச்சம். பிளேடைக் கழற்றும்போது கண்ணாடியில் ஒரு தடித்த துண்டை விரித்துவிடுங்கள். பிளேடு இல்லாத வெற்று ஆர்ம் கைநழுவி அடித்தால் கண்ணாடி விரிசல்தான். கொக்கியில் 'கிளிக்' சத்தம் கேட்ட பிறகே கையை எடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எதிர்வெயிலில் கண்ணாடி மங்கினால், கருங்கல் ரோட்டில் வருடக்கணக்கில் பட்ட பொடிக்குழிகள் அவை. எந்தப் பிளேடும் அதைத் துடைக்காது, கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும். வண்டியை விற்க நினைப்பவர்கள் இதையும் வைப்பரையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வர்தி சோதனையில் கண்ணாடியையும் பார்ப்பார்கள், வைப்பரையும் ஓட்டிப் பார்ப்பார்கள்.

ஜூலை விடுமுறையில் டிராக்கன்ஸ்பெர்க் மலை ஏறி, 2,876 மீட்டர் உயரத்திலுள்ள சானி கணவாய் வரை போகிறவர்கள் இரவில் வைப்பரைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவிடுங்கள். உறைபனியில் ஒட்டிய வைப்பரைக் காலையில் சுவிட்ச் போட்டால் ரப்பர் கிழியும், இல்லாவிட்டால் ஃபியூஸ் போகும், பழைய வண்டியில் பல்சக்கரமே தேயும். வெந்நீரையும் ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். ஹீட்டரைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், அதற்குள் உருகியிருக்கும்.