தொண்டுக்காக ஆன்லைன் நடன வகுப்பா? முதலில் தரையைக் காட்டுங்கள்

வட சென்னையில் வெள்ளம் வடியும் முன்பே வாட்ஸ்அப்பில் போஸ்டர்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ‘குழந்தைகளுக்கு ஆன்லைன் நடன வகுப்பு. கட்டணம் முழுவதும் நிவாரணத்துக்கு.’ போனில் நடனம் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் 2020 ஊரடங்கில் பரவியது. ராயபுரம் மண்டலத்தில் தொற்று ஏறிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் எங்களைப் போன்ற நடன ஆசிரியர்களுக்கு வேறு வழியும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்து, வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஊறிப்போனால் பெற்றோர் என்ன செய்வார்கள்? கையில் போன் இருக்கிறது, தெரிந்த தொழில் இருக்கிறது, நாலு காசு திரட்டலாம் என்று ஒரு நடன ஆசிரியருக்குத் தோன்றுவது இயல்புதான்.

நானும் எடுக்கிறேன்; பரதம். ஆகவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘நல்ல காரியம்’ என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்க எல்லோருக்கும் கூச்சம் வந்துவிடுகிறது. மாதக் கட்டணம் கட்டும்போது குடைந்து குடைந்து கேட்கும் அம்மா, தொண்டு வகுப்பு என்றதும் லிங்க்கைத் தட்டிப் பிள்ளையை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார். ஆசிரியரும் சேவைதானே என்று கொஞ்சம் தளர்ந்துவிடுகிறார். பிள்ளையின் முட்டிக்கு இது சேவை வகுப்பு என்று தெரியாது.

முதல் நாள் நான் ஆடச் சொல்வதில்லை. போனைத் திருப்பித் தரையைக் காட்டச் சொல்வேன். எங்கள் பக்கம் பெரும்பாலும் ஒரே அறைதான். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே நாலடி இடம். வழவழ டைல்ஸ், அதன்மேல் பாட்டி அன்போடு விரித்த ஜமக்காளம். அந்த ஜமக்காளத்தைத்தான் முதலில் எடுக்கச் சொல்ல வேண்டும். டைல்ஸ்மேல் விரித்த எதுவும் காலைத் தட்டும்போது நகரும். யோகா மேட்டும் அப்படித்தான். திரும்பும்போது பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், முட்டி மட்டும் திரும்பும். வெறும் தரை, உலர்ந்த கால், பக்கத்தில் கூர்முனை இல்லாத இடம். இவ்வளவு போதும்.

ஆனால் சிமெண்டுத் தரை அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது. மேடைப் பலகையில் தட்டினால் அதிர்ச்சியில் ஒரு பங்கைப் பலகை வாங்கிக்கொள்ளும். இங்கே எல்லாம் குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் முட்டிக்கும்தான். அதனால் தட்டடவை (காலைத் தட்டிப் பழகும் அடிப்படை அசைவை) மூன்று வேகத்திலும் விடாமல் அரைமணி நேரம் தட்ட வைக்கும் ஆன்லைன் வகுப்பு எனக்கு உடன்பாடில்லை. பத்து நிமிடம் தட்டு, பிறகு உட்காரு. ஒற்றைக்கை முத்திரைகள் 28 இருக்கின்றன. கண், கழுத்து அசைவுகள் இருக்கின்றன. கையில் தாளம் போட்டு, தாளச் சொற்களான சொல்கட்டைச் சொல்லலாம். இவையெல்லாம் போன் திரைக்குள் அழகாக அடங்கும். கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்து சத்தம் போடவும் மாட்டார். இலவச ஜூம் 40 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதுவே தாராளம்.

முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொடை இடுப்பிலிருந்து வெளியே திரும்ப வேண்டும். முட்டி கால்விரல்களுக்கு நேராக நிற்க வேண்டும். மிஸ் பார்க்கிறார் என்று பிள்ளை பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு உட்காரும். முட்டி முன்னாலேயே இருக்கும். முறுக்கு முழுவதும் முட்டிக்கு. நேர் வகுப்பில் தொடையில் கைவைத்துத் திருத்திவிடலாம். இங்கே என் கண்ணில் படுவது குக்கர்மேல் சாய்த்து வைத்த போன் காட்டும் முகமும் வயிறும்தான். ‘கால் தெரியலம்மா’ என்பதுதான் என் வகுப்பில் அதிகம் ஒலிக்கும் வாக்கியம். கால் தெரியாத பிள்ளையை நான் ஆட விடுவதில்லை. பக்கவாட்டில் ஒருமுறை நிற்க வைத்துப் பார்த்த பிறகே அடுத்த அடவு.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ‘முட்டிக்குக் கீழே வலிக்குது மிஸ்’ என்றால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே ஒரு மேடு இருக்கும். தொடைத் தசையின் நார் வந்து எலும்பைப் பிடிக்கும் இடம் அது. வளரும் வயதில் அங்கே எலும்பு முழுசாக இறுகியிருக்காது. அழுத்தினால் வலிக்கிறதா, தட்டும்போது கூடுகிறதா என்று பாருங்கள். ஆமென்றால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தடவிவிட்டு மறுநாள் வகுப்பில் நிறுத்துவது வேண்டாம்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன உபாயம். நாம் தாளம் தட்டும் கட்டையின், அதாவது தட்டுக்கழியின், சத்தத்தை ஜூம் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். உங்கள் கை அசையும், கட்டை கேட்காது, பிள்ளைகள் ஆளுக்கொரு தாளத்தில் ஆடும். செட்டிங்ஸில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ போட்டுவிட்டால் கட்டை கேட்கும். ஒலி தாமதத்துக்கு மருந்தில்லை. எல்லோர் மைக்கையும் அணைத்துவிட்டுப் பிள்ளைகளையே சொல்கட்டு சொல்லி ஆட விடுங்கள்.

அடுத்து கேமரா. ‘வீடியோ எடுத்துப் போடுங்க மிஸ், நல்ல காரியத்துக்குத்தானே, நாலு பேர் பார்த்தா பணம் கூடுதலா வரும்.’ இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்களே. நான் போடுவதில்லை. பின்னால் கொடியில் தொங்கும் பள்ளிச் சீருடை, சுவரில் முகவரியோடு இருக்கும் கடைக் காலண்டர், திரையில் பிள்ளையின் முழுப்பெயர். முன்பின் தெரியாத ஒருவனுக்கு இவை போதும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. லிங்க் பொதுக் குரூப்பில் போகாது. காத்திருப்பு அறையில் பெயர் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். தனிச் செய்தி வசதி அணைத்திருக்கும். பிள்ளைகளின் போனுக்கு ஆசிரியர் தனியாகச் செய்தி அனுப்பவே கூடாது. எதுவானாலும் பெற்றோர் எண்ணுக்கு. வகுப்பு நடக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது ஆசிரியருக்கும் பாதுகாப்பு. பிள்ளை எதையாவது சொல்ல வந்து தயங்கினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. எந்த நேரமும் கூப்பிடலாம்.

பணத்தில்தான் நட்பு முறியும். கட்டணத்தை உங்கள் ஜிபேயில் வாங்கினால் வங்கிக் கணக்கின் பார்வையில் அது உங்களுக்கு வந்த பணம். பெற்றோர் தரப்பிலும், வகுப்புக்குக் கொடுத்தது கட்டணம்தான். அதை நன்கொடையாகக் காட்டி, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச்சலுகையைக் கேட்க முடியாது. ‘ரசீது தருவாங்களா?’ என்று கேட்கும் அப்பாவிடம் எரிச்சல்பட வேண்டாம், சரியான கேள்வி. என் ஏற்பாடு எளிது: வகுப்பு இலவசம், கொடுக்க விரும்புகிறவர்கள் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கோ, பதிவு பெற்ற அறக்கட்டளையின் கணக்குக்கோ நேரே போடட்டும், ரசீதை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். நோட்டுப் புத்தகமாகக் கொடுப்பதென்றால் பெற்றோரில் இருவர் பாரிமுனைக்குப் போய் வாங்கி வந்து, கடை பில்லைக் குரூப்பில் போடுகிறார்கள். எவ்வளவு திரட்டினேன் என்று என் பெயரில் போஸ்டர் அடிக்க முடியாதுதான். போகட்டும்.

கொடுக்கும்போது எடுக்கும் போட்டோவும் எனக்கு ஒவ்வாது. குழந்தைகள் இல்லத்தில் வளர்பவர்கள் என்றால் விஷயம் என் விருப்பு வெறுப்போடு நிற்கவில்லை, சட்டமே தடுக்கிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. முகத்தில் ஸ்மைலி ஒட்டி, கீழே இல்லத்தின் பெயரைப் போடுவது மறைத்ததாகாது. நோட்டுப் புத்தகக் கட்டுகளைப் படம் எடுங்கள், கொடுத்தவருக்கு அதுவே கணக்கு.

இலவசம் என்று வைத்ததில் இன்னொரு சௌகரியம். யாருக்காகத் திரட்டுகிறோமோ அந்த வீட்டுப் பிள்ளைகளும் அதே வகுப்பில் சேர்ந்துகொள்கிறார்கள். பணம் போட்டவர்கள் குரூப்பில் டிக் போடும் வழக்கம் எங்களிடம் கிடையாது என்பதால் யார் யார் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஒரே போன்தான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஆகவே வகுப்பை இரவு ஏழரைக்கு வைத்திருக்கிறேன். சாப்பாடு வகுப்புக்குப் பிறகு.