வக்கிரம் என்றால் வளைவு

2025 தை மாதம். பேத்தியின் கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், செவ்வாய் வக்கிரத்தில் இருக்கிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாயி, அதாவது என் அம்மாவின் அம்மா, என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, சாமியாட்ட இருக்கற கிரகத்துக்குமா வக்கிர புத்தி வரும்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. வக்கிரம் என்றாலே இன்றைக்கு நமக்குக் கெட்ட எண்ணம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வடமொழியில் 'வக்ர' என்றால் வளைந்தது, அவ்வளவுதான். பிள்ளையாரை வக்ரதுண்டர் என்பது தும்பிக்கை வளைந்திருப்பதால். கோணல் என்ற சொல் கோணல் புத்தி ஆனதுபோல, வடிவத்தைச் சொன்ன சொல் பிறகு குணத்துக்கும் ஏறிக்கொண்டது. கோளைப் பொறுத்தவரை பழைய பொருள்தான் நிற்கிறது. செவ்வாய் இருக்கும் இடத்தை நட்சத்திரங்களுக்கு நடுவே இரவுதோறும் குறித்து வந்தால், கோடு கிழக்கே போய், நின்று, மேற்கே திரும்பி, மறுபடி கிழக்கே போகும். கண்ணியாகவோ நெளிந்த கோடாகவோ ஒரு வளைவு கிடைக்கும். அந்த வளைவுக்குப் பெயர்தான் வக்கிரம். சூரிய சித்தாந்தம் கோள்களின் நடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. வக்கிரம் அதில் ஒன்று.

ஜாதகக் கட்டத்தில் கோளின் பெயருக்குப் பக்கத்தில் (வ) என்று போட்டிருப்பார்கள். சூரிய சந்திரருக்கு வக்கிரம் கிடையாது. ராகு கேதுவுக்கு எப்போதுமே பின்னோட்டம்தான். வக்கிரக் கோளுக்குப் பலம் கூடும் என்பதும் ஜோதிடத்தில் உள்ள கணக்கே. உச்சத்தில் (கோள் மிகப் பலம் பெறும் ராசியில்) வக்கிரமானால் நீச பலன், நீசத்தில் (பலம் மிகக் குறையும் ராசியில்) வக்கிரமானால் உச்ச பலன் என்பார்கள். ஆக, ஜோதிடத்திலும் அது வெறும் கெடுதல் இல்லை.

சரி, வானத்தில் நடப்பது என்ன? உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். தெற்கே ஆனைமலை தெரியும். இளநீர் ஏற்றிய டெம்போ ஒன்றை பஸ் முந்தும்போது, அந்த டெம்போ மலையின் மேல் பின்னால் நழுவுவதுபோல் இருக்கும். டெம்போவும் பொள்ளாச்சிக்குத்தான் போகிறது! பூமி நொடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓடுகிறது, செவ்வாய் 24. சுமார் 780 நாளுக்கு ஒருமுறை உள்வட்டத்தில் ஓடும் நாம் அதை முந்துகிறோம். அந்தச் சமயத்தில்தான் செவ்வாய் நமக்கு மிக அருகில், மிகப் பிரகாசமாக இருக்கும். 2025 ஜனவரியில் அது 9.6 கோடி கிலோமீட்டர் தூரத்தில், புனர்பூச நட்சத்திரங்கள் பக்கத்தில் சிவப்பாக நின்றது. புதனும் சுக்கிரனும் உள்ளே ஓடுகிறவை, அவை நம்மை முந்தும்போது அவற்றுக்கு வக்கிரம்.

அம்மாயிக்கு பஸ் கணக்கு பிடிபடவில்லை. எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். சால் நிறையத் தண்ணீரை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும் எருதுகள், முகத்தைத் திருப்பாமல் பின்காலெடுத்து மேலே ஏறும். "அதாட்டவா?" என்றார். அதுதான் இல்லை அம்மாயி, எருது நிஜமாகவே பின்னால் வருகிறது; செவ்வாய் ஓர் அடிகூட வருவதில்லை.

அதனால்தான் இந்த வக்கிரத்தைத் தமிழில் சொல்லும்போது 'பின்னகர்வு' என்று மட்டும் எழுதினால் எனக்குத் திருப்தியில்லை. 'பிற்போக்கு' இன்னும் மோசம், அதற்கு அரசியல் வாடை ஏறிவிட்டது. வானியலுக்குத் 'தோற்றப் பின்னகர்வு' என்பதே சரி. அந்தத் 'தோற்ற'த்தை விடக் கூடாது. வக்கிரம் முடிவதை, அதாவது வக்கிர நிவர்த்தியை, 'நேர்நடைக்குத் திரும்பல்' எனலாம். ஜோதிடத்தில் வக்கிரமே இருந்துவிட்டுப் போகட்டும், வளைவு என்ற பொருளோடு.

அடுத்து 2027 பிப்ரவரியில் செவ்வாயை முந்தப் போகிறோம். சிம்மத்தில், மகம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். மொட்டைமாடியில் நின்று வாரத்துக்கு ஒருநாள் குறித்து வைத்தால் அந்த வளைவு உங்கள் தாளிலேயே விழும்.