சமையல்கட்டில் டைல் ஒட்டும் முன் தரையைப் பாருங்கள்

"டைல் விரிசல் விட்டுடுச்சு, கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துட்டார்" என்று வரும் புகார்களில் விரிசல் பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் இருக்கும்: காஸ் சிலிண்டரை உருட்டி நிறுத்தும் மூலை, இல்லையென்றால் கிரைண்டரின் அடி. அந்த டைலைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தால் நடுவிலும் நாலு ஓரத்திலும் கலவை உருண்டை உருண்டையாக ஒட்டியிருக்கும். மூலைகளில் சிமெண்டே பட்டிருக்காது. அடியில் வெற்றிடம் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டைலும் சிலிண்டர் எடையைத் தாங்காது.

கீழ்த்தள வீடு என்றால் மண்ணிலிருந்தே கவனிக்க வேண்டும். பேஸ்மெண்டுக்குள், அதாவது தரை மட்டத்துக்கு மேல் எழுப்பிய அடித்தளச் சுவர்களுக்கு நடுவில், லாரி மண்ணை மொத்தமாகக் கொட்டி, மேலே தண்ணீரைத் தேக்கிவிட்டால் மேல் பாகம் மட்டும் இறுகும். அரை அடிக்கு ஒரு அடுக்காகப் பரப்பி, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். அதன் மேல் 4 அங்குல ஜல்லி கான்கிரீட், குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்டுவது. அவசரத்தில் இந்த 7 நாளில்தான் முதலில் கை வைக்கிறார்கள். தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

பழைய ரெட் ஆக்சைடு, மொசைக் தரைகளில் சிக்கல் வேறு. அடுப்பு மேடையின் அடியில் பல வருஷ எண்ணெய் ஊறியிருக்கும். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சாமல் முத்து முத்தாக நின்றால் கலவை அங்கே பிடிக்காது. பிசுக்கு போகத் தேய்த்துக் கழுவி, தரை முழுக்க நெருக்கமாகக் கொத்திவிட்டு, தூசியைக் கூட்டி எடுத்த பிறகே சிமெண்ட் பால் (தண்ணீரில் நீர்க்கக் கரைத்த சிமெண்ட்) ஊற்ற வேண்டும். ஈரம் ஏறும் தரையா என்ற சந்தேகம் இருந்தால் ஒன்றரை அடி சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் தூக்கிப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

கொத்தாமல் பழைய தரை மேலேயே தளம் ஏற்றினால் செலவு மிச்சம்தான். ஆனால் தரை 2 அங்குலம் உயர்ந்தால் அடுப்பு மேடை 2 அங்குலம் தாழ்கிறது. தினமும் குனிந்து சமைப்பவரின் இடுப்புதான் அதைத் தாங்க வேண்டும். கதவும் தரையில் உரசும். இதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லும் ஆட்கள் குறைவு.

சிங்குக்குப் போகும் குழாய் தரைக்குள் ஓடினால், குழாய்க்காக வெட்டிய காடியை மூடும் முன் பிரஷர் டெஸ்ட் செய்துவிடுங்கள்; குழாயில் அழுத்தமாகத் தண்ணீர் ஏற்றி, கசிகிறதா என்று பார்ப்பதுதான் அது. தண்ணீர் வெளியேற ஓட்டை இருந்தால் 100-க்கு 1 என்ற வாட்டத்தை (சரிவை) அடித்தளத்திலேயே கொடுக்க வேண்டும். டைல் அடியில் கலவையைக் கூட்டிக் குறைத்து வாட்டம் பிடிப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. வெற்றிடம் விழுவதே அங்கேதான். பசை போட்டு ஒட்டுவதானால் 2 மீட்டர் மட்டக்கோலை எந்தப் பக்கம் வைத்தாலும் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது.

சிமெண்ட் கலவையில் பதிக்கும் செராமிக் டைலைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கலவையின் ஈரத்தை அது குடித்துவிடும். பசையில் ஒட்டும் டைலை ஊறவைக்கக் கூடாது. வேலை நடக்கும்போதே, அப்போதுதான் பதித்த ஒரு டைலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகு முழுக்கப் பசை படிந்திருக்க வேண்டும். காய்ந்ததும் ஒவ்வொரு டைலையும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வருவதைச் சாக்பீஸால் குறித்து, டைல் இடுக்குகளை அடைக்கும் கிரவுட் போடும் முன்பே மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பெயர்த்தால் பக்கத்து டைலின் ஓரமும் சேர்ந்து உடையும்.