சினைப்பைப் புற்றுநோய் மண்ணீரல் வரை பரவினால்: முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் ஆபரேஷன், கீமோ இரண்டுமே வரும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அது ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கே மொத்தமாக.

ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். சான்றுக்குப் பக்கத்து இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அப்புறம் காப்பீட்டு அட்டைக்குச் சென்னை ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ் போக வேண்டும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்கள் பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையில் அட்டை இல்லாவிட்டாலும் சிகிச்சை இலவசம்தான். அட்டை வரட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடவே கூடாது.

புற்றுநோய் மண்ணீரலுக்குப் போய்விட்டது என்றதும் ‘இனி ஆபரேஷன் பண்ணி என்ன’ என்று பல வீடுகளில் கைவிட்டுவிடுகிறார்கள். அப்படி முடிவு கட்ட வேண்டாம். மண்ணீரலின் மேலுறையில் மட்டும் ஒட்டியிருந்தால் மூன்றாம் நிலை, உள்ளே சதைக்குள் இறங்கியிருந்தால் நான்காம் நிலை. எந்த நிலையானாலும், உடல் தாங்கும் என்றால், கண்ணுக்குத் தெரியும் கட்டி எதையும் மிச்சம் வைக்காமல் எடுப்பதுதான் டாக்டர்களின் குறி. அதற்காகக் கர்ப்பப்பை, சினைப்பை, வயிற்றுக் கொழுப்புத் திரையோடு மண்ணீரலையும் எடுப்பதுண்டு. சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு, பிறகுதான் ஆபரேஷன்.

காப்பீட்டில் ஆபரேஷனுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். அந்த வேலையை மருத்துவமனைதான் செய்யும், சி.டி. ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட்டுகளை நீங்கள் கொடுத்தால் போதும். மண்ணீரலையும் எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டர் சொன்னால், அதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடச் சொல்லி இன்சூரன்ஸ் கவுண்டரில் கேளுங்கள். தனியார் மருத்துவமனை என்றால், இந்த ஆபரேஷனுக்கு அது திட்டத்தில் இருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே விசாரியுங்கள். முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம்.

தடுப்பூசியை மட்டும் மறந்துவிடாதீர்கள். மண்ணீரல் போனால் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும். நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் (Hib) தடுப்பூசிகளை முடிந்தால் ஆபரேஷனுக்கு 2 வாரம் முன்பே போடுவார்கள், இல்லையென்றால் பிறகு. எவை போட்டாயிற்று, எவை பாக்கி என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபின் குளிர்காய்ச்சல் கண்டால் மெடிக்கல் ஷாப் மாத்திரையோடு விடியும்வரை காத்திருக்காமல், அந்த ராத்திரியே அவசரப் பிரிவுக்குப் போய், மண்ணீரல் எடுத்தவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.