வள்ளத்து எஞ்சினில் பிஸ்டன் ஓட்டையாவது ஏன்?

போன மாதம் மண்டபம் பக்கத்துத் தம்பி ஒருவரின் வள்ளத்து எஞ்சினைப் பிரித்தோம். பிஸ்டன் தலையின் ஓரம் மணலால் அடித்ததுபோலப் பொரிந்திருந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் மேல் ரிங் மூன்று துண்டு. ஓரிடத்தில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. “அண்ணே, முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?” என்றார். ஓடியிருக்கும்தான். உள்ளே விழுந்த அடி அவர் காதுக்கு எட்டவில்லை.

டாப் கியரிலேயே பாம்பன் பாலம் ஏறினால் பைக் எஞ்சின் ‘டிக் டிக்’ என்று சில்லறை குலுக்குவதுபோல ஒலிக்குமே, அதுதான் டெட்டனேஷன். வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சினான அவுட்போர்டில் அதே சத்தம் எஞ்சின் இரைச்சலில் அமுங்கிவிடும்.

பிளக் பற்றவைத்த தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் மிஞ்சினால், தீ வந்து சேரும் முன்பே கடைசி மூலையில் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக ஒரே நொடியில் வெடிக்கும். எரியும் வாயுவின் சூடு 2,000 டிகிரிக்கு மேல். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். பிஸ்டனைக் காப்பாற்றுவது அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம். இந்த வெடிப்பின் அதிர்வு அந்தப் படலத்தையே உரித்துவிடும். அப்புறம் சூடு நேரே உலோகத்தில் இறங்கும்.

தம்பியிடம் விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியிருக்கிறார். விலைவாசி எனக்கும் தெரியும், அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆனால் மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், மிகவும் குறைவு. மண்ணெண்ணெய் எஞ்சின் என்றே விற்பவற்றைக் குறைந்த கம்ப்ரஷனில், அதாவது கலவையைக் குறைவாக அழுத்தும்படி, செய்கிறார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பிறகு மாற்றிக்கொள்வோம். பெட்ரோல் எஞ்சினுக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. ஆக்டேனைப் பொறுத்தவரை, பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலே பெரும்பாலான அவுட்போர்டுகளுக்குப் போதும். விலை கூடின பெட்ரோல் ஊற்றினால் இழுவை கூடும் என்பது வீண் நம்பிக்கை.

அடுத்த காரணம், எஞ்சினைக் குளிர்விக்க உறிஞ்சும் கடல் தண்ணீர் குறைவது. நம் கரையில் பாசியும் மணலும் உறிஞ்சும் துளையை அடைக்கும், உப்பு உள்வழியில் படியும், பம்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேயும். எஞ்சினிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே பாருங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சிலிண்டரின் மூடியான ஹெட்டில் படியும் கார்பன், மிஞ்சிய பாரம், எஞ்சினைத் திணறவைக்கும் பெரிய புரொப்பல்லர் எல்லாம் இதே வழிக்குத்தான் கொண்டுபோகும்.

காது கேட்காததைப் பிளக் காட்டும். மாதம் ஒருமுறை கழற்றி வெயிலில் பிடியுங்கள். பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளிகளோ, பளபளக்கும் பொடி மணிகளோ தெரிந்தால் அந்த எஞ்சினோடு கடலுக்குப் போகாதீர்கள். அந்த மணிகள் உருகிய பிஸ்டன் துளிகள். நடுக்கடலில் இழுவை திடீரென்று குறைந்தால் திராட்டிலைக் கூட்டாதீர்கள். உடனே குறைத்து, தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள்.