பிராங்கைட்டிஸ்: குழலும் அழலும்

அப்பத்தாவுக்கு இருமல் பிடித்து மூன்று வாரம் ஆகியும் விடவில்லை. பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். முதுகில் நாலு இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டவர், "பிராங்கைட்டிஸ்" என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதத் தொடங்கினார். அப்பத்தா என் பக்கம் திரும்பி, "என்னடா சொல்றாரு?" என்றது.

"நெஞ்சுச்சளியாம் அப்பத்தா."

"இதைத்தானே நான் வந்ததும் வராததுமா அவருகிட்டச் சொன்னேன்!"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். நெஞ்சுச்சளி, மார்ச்சளி என்பவை படுகிறவர் வைத்த பெயர்கள். இருமினால் என்ன வருகிறது, எங்கே கட்டிக்கொண்டு நிற்கிறது என்று சொல்கின்றன. டாக்டர் சொன்ன பெயர் உள்ளே எந்த உறுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறது.

கிரேக்க மொழியில் 'பிராங்கோஸ்' என்றால் தொண்டைக்குழல், மூச்சுக்குழல். அது கீழே இறங்கி, பிரிந்து நுரையீரல்களுக்குள் போகும் கிளைகள் 'பிராங்கியா'. பின்னால் நிற்கும் 'இட்டிஸ்' முதலில் வெறும் விகுதிதான், 'அதைச் சார்ந்த' என்று பொருள். 'ஆர்த்ரைட்டிஸ் நோசோஸ்' என்றால் மூட்டைச் சார்ந்த நோய். நாளாவட்டத்தில் நோய் என்ற சொல் உதிர்ந்து விகுதி மட்டும் நின்றது. நம் ஊரில் 'சர்க்கரை நோய்' என்பதில் நோய் உதிர்ந்து, "அவருக்குச் சர்க்கரை" என்றாலே புரிகிறதே, அப்படி. பிறகு மருத்துவர்கள் அந்த விகுதியை அழற்சி என்ற ஒரே பொருளுக்கு ஒதுக்கிக்கொண்டார்கள்.

கிரேக்கமாக ஒலித்தாலும் பிராங்கைட்டிஸ் பழஞ்சொல் இல்லை. சார்லஸ் பேடம் என்ற ஆங்கில மருத்துவர் 1808இல் எழுதிய நூலோடுதான் அது மருத்துவத்துக்குள் வந்தது. அதற்கு முன் ஐரோப்பாவில் இதையெல்லாம் 'கட்டார்' என்ற பெயரில் அடக்கிவிடுவார்கள். அதுவும் கிரேக்கம்தான், 'கீழே வழிதல்' என்று பொருள். தலையிலிருந்து நீர் இறங்கி நெஞ்சில் தங்குகிறது என்ற பழைய நம்பிக்கை அந்தப் பெயருக்குள் இருக்கிறது. "தலையில நீர் கோத்து நெஞ்சுக்கு இறங்கிருச்சு" என்று அப்பத்தா இன்றைக்கும் சொல்கிறது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? தேடினால் பெரும்பாலும் கிடைப்பது 'மூச்சுக்குழாய் அழற்சி'. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. குரல்வளைக்குக் கீழே விரலால் தடவினால் வளையம் வளையமாகத் தட்டுப்படும் ஒற்றைக் குழாய்தான் மூச்சுக்குழாய், அதாவது டிரக்கியா. இலங்கைப் பாடநூல்களில் வாதனாளி. வாதம் என்றால் காற்று, நாளி என்றால் குழாய். அந்த ஒற்றைக் குழாய் அழன்றால் அதற்கு டிரக்கியைட்டிஸ் என்று தனிப்பெயரே இருக்கிறது. நாம் பேசும் நோயோ அது பிரிந்த பிறகு வரும் கிளைகளில் உட்கார்ந்திருப்பது. ஆகவே 'மூச்சுக்கிளைக்குழல் அழற்சி' என்பதே பொருந்தும். நீளம்தான், இரண்டு முறை சொன்னால் நாக்குக்குப் பழகிவிடும். கிளையை விடாமல் வைத்துக்கொண்டால் இன்னொரு லாபமும் உண்டு. கைக்குழந்தைகளைப் படுத்தும் பிராங்கியோலைட்டிஸ் வேறு நோய். கிளைகளிலிருந்து பிரியும் மிகச் சிறிய குழல்களில் வருவது. அதை 'நுண்கிளைக்குழல் அழற்சி' என்று கூடுதல் சிரமம் இல்லாமல் சொல்லிவிடலாம். கிளையைத் தொலைத்தவர்கள் இங்கே திண்டாடுகிறார்கள்.

அழற்சி என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. சுழலிலிருந்து சுழற்சி, முயல்வதிலிருந்து முயற்சி, அழலிலிருந்து அழற்சி. அழல் என்றால் நெருப்பு. 'இன்ஃப்ளமேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லிலும் 'பிளம்மா', அதாவது சுடர், இருக்கிறது. முதலாம் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ் அழற்சிக்குச் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று நான்கு அடையாளம் சொன்னார். சிலர் அழற்சிக்குப் பதிலாக 'வீக்கம்' என்று எழுதுகிறார்கள். அது நாலில் ஒன்றுதான், மிச்சம் மூன்று எங்கே போயிற்று?

குழலும் அழலும் பழந்தமிழில் ஏற்கெனவே சேர்ந்து நின்றிருக்கின்றன. "அழல்போலும் மாலைக்குத் தூதாகி ஆயன் குழல்போலும் கொல்லும் படை" என்கிறது 1228ஆம் குறள். பிரிந்திருப்பவள் படும் பாடு அது, இருமலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் இந்த நோய்ப்பெயரை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறள்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அழன்ற குழலின் உட்சவ்வு சிவந்து தடிக்கிறது. வழக்கத்தைவிட அதிகமாகச் சளி சுரக்கிறது. காற்று போகும் வழி குறுகுகிறது. இருமல், நெஞ்சில் இறுக்கம், லேசான காய்ச்சல், அசதி, மூச்சு விடும்போது பூனை கத்துவதுபோல ஓர் இழுப்பு எல்லாம் இதனால்தான். அந்த இழுப்புக்கு நம்மிடம் 'இளைப்பு', 'இரைப்பு' என்று நல்ல சொற்கள் இருக்கின்றன, இப்போது எல்லாரும் 'வீசிங்' என்கிறோம். சளிக்குக் கோழை, ஈளை, கபம் என்று மூன்று பெயர். கோழை எப்படிப் பயந்தாங்கொள்ளிக்கும் பெயரானது என்பதைத் தனியாகத்தான் எழுதவேண்டும். வடமொழியில் காசம் என்றால் இருமல். தமிழில் அது டிபி என்ற ஒரே நோய்க்குப் பெயராகச் சுருங்கிவிட்டது.

திடீரென்று வரும் வகைக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். சாதாரண ஜலதோஷத்தையும் ஃப்ளூவையும் கொண்டுவரும் அதே வைரஸ்கள். அதனால் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு இங்கே பெரும்பாலும் வேலை இல்லை. சளி பச்சையாக வந்தாலே பாக்டீரியா என்று கடையில் மாத்திரை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியே அந்தப் பச்சைக்குக் காரணம், வைரஸ் வந்தாலும் அது வரும். காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுத்தடிக்கும்.

நாள்பட்ட வகைக்கு ஒரு கணக்கு உண்டு. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு மூன்று மாதமாவது, வேறு நோய் எதுவும் காரணமில்லாமல் சளியோடு இருமல் இருக்கவேண்டும். டாக்டர் இதைக் கேட்டபோதுதான் உறைத்தது. அப்பத்தாவுக்கு மார்கழியில் தொடங்கும் இருமல் மாசி முடிந்துதான் நிற்கும், அதுவும் மூன்று நாலு வருடமாக.

"வீட்டுல யாராவது பீடி, சிகரெட்?"

"எங்க வீட்டுல ஒருத்தரும் தொடமாட்டாங்க."

"சமையல் எதுல?"

"கேஸ் இருக்கு. அதுல காப்பி மட்டும் போடுறது. மத்ததெல்லாம் விறகடுப்பு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாள்பட்ட வகைக்கு முதல் காரணம் புகையிலை, அதற்கு அடுத்த இடத்தில் வீட்டுக்குள் சுற்றும் விறகுப் புகையும் இருக்கிறது. குழலின் உள்ளே சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய மயிரிழைகளைப் புகை முடக்கிவிடுகிறது. தள்ள ஆளில்லாத சளியை இருமித்தான் வெளியேற்றவேண்டும். கூடவே அவர் சளிப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் டிபி இல்லை என்று உறுதிசெய்துகொள்வது இந்தியாவில் நடைமுறை. நல்லவேளை, இல்லை.

கைவைத்தியத்துக்கு வருவோம். வெந்நீர், ஓய்வு, உப்புநீரில் கொப்பளிப்பது எல்லாம் இதம் தரும். தேன் இருமலைக் கொஞ்சம் அடக்கும், ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. ஆவி பிடித்தால் மூக்கடைப்பு விடும், நோயின் நாள் குறையாது. குழந்தைகள் கொதிநீரைக் கவிழ்த்துச் சுட்டுக்கொள்ளும் ஆபத்து வேறு. கற்பூரவல்லி, தூதுவளை, சுக்கு மிளகு திப்பிலி எல்லாம் வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி.

ஆடாதொடையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். ஆடு தொடாத இலை என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். கசப்பை ஒரு தடவை குடித்துப் பார்த்தவர்கள் நம்பிவிடுவார்கள். தமிழ், மலையாளம், சிங்களம் என்று இந்தப் பக்கம் வழங்கும் இந்தப் பெயரையே ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் தாவரவியல் பெயராக எடுத்துக்கொண்டார்: ஜஸ்டிசியா ஆடாதோடா. இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். உடலுக்குள் புரோம்ஹெக்சின் மாறிக் கிடைப்பது அம்ப்ராக்சால், இன்று பல இருமல் சிரப்புகளில் இருப்பது. இங்கிலீஷ் மருந்து வேண்டாம், ஆடாதொடைதான் வேண்டும் என்பவர்களும் இலை வேண்டாம் சிரப்புதான் என்பவர்களும் ஒரே செடியைச் சுற்றித்தான் சண்டைபோடுகிறார்கள். கர்ப்பிணிகள் அந்தக் கஷாயத்தைத் தொடவேண்டாம், கருப்பையைச் சுருங்கச்செய்யும் குணம் அதற்கு உண்டு. சளியில் இரத்தம், மூச்சுத்திணறல், இறங்காத காய்ச்சல் இருந்தால் எந்தக் கஷாயமும் வேண்டாம், நேரே மருத்துவமனை.

வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா அடுப்பங்கரையில் சாய்த்துவைத்திருந்த ஊதாங்குழலை எடுத்துப் பார்த்தேன். முழநீள இரும்புக்குழல். வாய் வைக்கும் முனை தேய்ந்து பளபளவென்றும் மறுமுனை கரியேறியும் இருந்தது. எத்தனை வருடமாக அழலைப் பார்த்து ஊதியதோ. அடுப்பை வெளியே கொல்லையில் வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். சோறும் சாறும் கேஸுக்குப் போய்விட்டன. கருவாட்டுக் குழம்பு மட்டும் விறகில்தான் வேகும் என்று சொல்லிவிட்டது அப்பத்தா, ஊதுவதற்கு இப்போது என்னைக் கூப்பிடுகிறது.